கதை சொன்ன நீதிபதி: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

விக்டோரியா மகாராணியார் அரசாண்ட காலம், ஆங்கில நாட்டில் சிறுவர்க்கான கற்பனைக் கதைகள் செழித்தோங்கிய காலமாகும். கணித ஆசிரியராகவும் ஆங்கிலிக்கன் சபையின் திருத்தொண்டராகவும் விளங்கிய லூயிஸ் கரோல், முயலைப் பின்தொடர்ந்து வளைக்குள் விழுந்த ஆலிஸ் என்னும் சிறுமியின் கதையை 1865இல் வெளியிட்டார். ஸ்கொட்லாந்து நாட்டு மறைபோதகரான ஜோர்ஜ் மக்டொனால்ட், இளவரசி ஒருத்தியையும் நிலத்தடியில் வாழும் பூதங்களையும் பற்றிய கதையை 1872இல் நூலாக்கினார். சமயப் பணிக்கெனத் தம்மை அளித்தவர்கள் குழந்தைக் கதை எழுதப் புகுந்தது அன்று பலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். ஆயினும் இயேசுவே உவமைக் கதைகளால் போதித்தார் என்பதை அறிந்த நமக்கு அதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, ஆலிசை நம் பிள்ளைகள் தொலைக்காட்சிப் படத்திலாவது கண்டிருப்பார்கள். அதே காலத்தில், அதே மகாராணியின் ஆட்சிக்குட்பட்ட தமிழகத்தில், கத்தோலிக்கர் ஒருவர் தமிழிலே ஓர் அற்புதக் கதை எழுதினார். ஆண்வேடம் பூண்ட பெண்ணொருத்தியின் கழுத்தில் யானை மாலை சூட்ட, அவள் நாடாளும் அரசனாகிறாள்! அந்தக் கதையையோ, எழுதியவரையோ நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்? அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நம் முன்னோரின் வரலாற்றோடும் அவர் வாழ்க்கை ஓரிடத்தில் தொட்டுச் செல்கிறது.

திருச்சிராப்பள்ளிச் சீமையிலுள்ள குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அவர் பிறந்தார். நம் தோட்டங்களில் வாழும் பல குடும்பங்கள் தங்கள் பூர்வீக ஊர் எனச் சொல்லிக்கொள்வதும் அதே திருச்சிச் சீமையைத்தான். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராய பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். பின்னர் நீதிமன்றத்திலேயே ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். சீர்காழியிலும் பணியாற்றியபின் மாயூரத்துக்கு மாற்றலாகி, அங்கேயே நிலைகொண்டார். ஊர்ப் பெயர் அவர் பெயருக்கு முன்னே ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

நீதிமன்றத்தில் அவர் முதலிற் கண்ட குறை மொழிக்குறையாகும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்காடும் குடியானவனுக்கோ அம்மொழி தெரியாது. தன் நிலத்தைப் பற்றித் தன் முன்னாலேயே பேசப்படுவது என்ன என்று அறியாமல் அவன் கைகட்டி நின்றான். வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார். சட்டத் தமிழுக்கு முன்மாதிரியாக அகராதி ஏதும் இல்லாத காலம் அது. ஒவ்வொரு சொல்லையும் அவரே தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. தமிழ் வழங்கும் ஊரிலே, தமிழ் பேசும் வழக்காளிக்காக, தமிழ் அறிந்த நீதிபதிமுன் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடுவதைத் தமது புதினத்திலும் கடிந்து எழுதினார்.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச மொழியாக்கியது. அதன் பின்னரும், தெரணியகலையிலோ இறக்குவானையிலோ தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டின் கீழே கையொப்பமிட்டுத் திரும்பும் தோட்டத் தொழிலாளியை நாம் காண்கிறோம். அந்தத் தொழிலாளியின் நிலையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்து, பகல் முழுவதும் வழக்குக் கேட்டபின் மொழிபெயர்ப்பில் அமர்ந்த ஒரு நீதிபதி இருந்தார் என்பதை அறிவது ஆறுதலாகவும் இருக்கிறது, உறுத்தலாகவும் இருக்கிறது.

1859இல் அவருடைய நீதிநூல் வெளிவந்தது. கைக்கூலி வாங்கும் அதிகாரிகளை அதில் அவர் விட்டுவைக்கவில்லை. பெண்கல்வியை வலியுறுத்தும் பெண்மதி மாலை 1869இல் வெளியாயிற்று. பெண்பிள்ளைக்கு எழுத்தெதற்கு என்று கற்றவர்களே கேட்ட காலம் அது. பெண்ணை அறிவில் தாழ்ந்தவளாக எண்ணும் ஆணவத்தை அவர் நேரடியாகத் தாக்கினார். ஆனால் அறிவுரையைச் செய்யுளாகச் சொன்னால் கற்றோர் சிலர் மட்டுமே படிப்பர் என்பதைக் கண்டுகொண்டார் போலும். செய்யுள் நூல்கள் மலிந்த தமிழில் எல்லாரும் விரும்பிப் படிக்கத்தக்க உரைநடைக் கதை இல்லையென்ற குறையைத் தீர்க்கவே, 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். தமிழின் முதற்புதினம் எனப் போற்றப்படுவது அதுவே.

பிரதாப முதலி செல்வக் குடும்பத்துப் பிள்ளை. அவனுடன் வளர்ந்து அவனையே மணப்பவள் ஞானாம்பாள். யானைகள் திரியும் காட்டிலே தன்னைச் சேர்ந்தவர்களைப் பிரிந்த பிரதாபன், விக்கிரமபுரி என்னும் விசித்திர நாட்டுக்கு வந்து சேர்கிறான். அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்தபோது, தைப்பவனைச் சந்தோஷப்படுத்துவதாக வாக்களித்துவிடுகிறான். எவ்வளவு கூலி கொடுத்தாலும் தனக்குச் சந்தோஷம் வரவில்லை என்கிறான் அவன். வழக்கு நீதிபதியிடம் போகிறது, நீதியறியாத அந்நாட்டில் பிரதாபனுக்குச் சிறைவாசம் கிடைக்கிறது. கணவனைத் தேடி ஆண்வேடத்தில் வருகிறாள் ஞானாம்பாள். அந்நாட்டு அரசன் இறந்துவிட, பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். யானை அவள் கழுத்தில் மாலையிடுகிறது. அரியணையேறிய ஞானாம்பாள், தான் அரசானது சந்தோஷந்தானா என்று செருப்புத் தைத்தவனைக் கேட்க, புதிய அரசனின்முன் இல்லையென்று சொல்ல அவனால் இயலுமா? சந்தோஷம் என்கிறான், வழக்கும் தீர்ந்துவிடுகிறது.

மாலையிடும் யானையை நம் அப்பாயிமாரும் அம்மாயிமாரும் லயத்து வாசலில் அமர்ந்து சொன்ன கதைகளிலும் கேட்டிருக்கிறோம். வேதநாயகம் பிள்ளை அந்தப் பாட்டி கதையை இகழவில்லை. அதனை எடுத்து, யானை யாருக்கு மாலையிட்டது என்பதை மாத்திரம் மாற்றினார். அந்த ஒரு மாற்றத்திலேதான் கதையின் முழு உயிரும் தங்கியிருக்கிறது. ஞானாம்பாள் வழக்குகளைத் தீர்க்கிறாள், கொடிய அதிகாரிகளை நீக்குகிறாள், கெட்டழிந்த நாட்டைச் சீராக்குகிறாள். இறுதியில், இறந்த அரசனின் மகளான ஆனந்தவல்லியே உரிமையுள்ளவள் எனக் கண்டு, முடியை அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கணவனோடு வீடு திரும்புகிறாள். ஆளத் தெரிந்தவள், விட்டுக்கொடுக்கவும் தெரிந்தவளாக இருக்கிறாள். நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களும் பால் வெட்டுபவர்களுள் பலரும் பெண்களே. தராசருகே நின்று நிறை பார்ப்பவர் பெரும்பாலும் ஆண்கள். இன்றும் நிலைமை இதுவென்றால், 1879இல் ஒரு பெண்ணின் கையில் செங்கோலைக் கொடுத்த துணிவு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நூலில் குறைகளும் உண்டு. கதை விறுவிறுப்பாகச் செல்லும்போதே திடீரென நின்று, பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுவர். பிரசங்கம் செய்வதையே தொழிலாகக் கொண்ட எனக்குக்கூடச் சில இடங்களில் பக்கத்தைப் புரட்டத் தோன்றியதுண்டு. செல்வர் வீட்டுக் கதையாகையால், ஏழைகள் பெரும்பாலும் ஏவலராகவோ நகைப்புக்குரியவராகவோ வந்து போகின்றனர். உழைத்துண்ணும் செருப்புத் தைப்பவனை வஞ்சகனாகக் காட்டியிருப்பது வருத்தந்தருகிறது. அறம் பேசியவரின் பார்வையும் அவர் காலத்து மேற்குடியினரின் திண்ணையிலிருந்தே தொடங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் திண்ணையை விட்டு அவர் இறங்கிய வேளை, கதை வெளிவருவதற்குச் சற்று முன்னர் வந்தது.

1876இல் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழர் நினைவில் நிலைத்துவிட்ட அந்தக் கொடும் பஞ்சம் 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் உயிர்கள் மடிந்தன. அரசு நடத்திய நிவாரண வேலைத்தளங்களில், கடும் வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென்று 1877இல் அதிகாரிகள் விதித்தனர். அதே வேளையில், இந்தியத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. காவிரி பாயும் தஞ்சைச் சீமையை நோக்கி, வறண்ட ஊர்களிலிருந்து பசித்தவர்கள் எலும்புந்தோலுமாக நடந்து வந்தனர்.

இன்னொரு கூட்டம் கடற்கரையை நோக்கி நடந்தது. அவர்கள் நம்மவர்கள். தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் ஆகிய துறைகளில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் சரியாக இல்லை. சப்பிரகமுவை மக்கள் எல்லாரும் அந்த ஆண்டுகளில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அல்லர் என்பது உண்மையே. கோப்பித் தோட்டங்களுக்கு அதற்கு முன்னரே வந்தோரும் உண்டு. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் றப்பர் மலைகளுக்குக் கங்காணிமார் ஆள்சேர்த்து வந்தது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆயினும் ஊரில் இருந்தால் சாவு, கடல் கடந்தால் பிழைப்பு என்ற எண்ணத்தை மக்கள் உள்ளத்தில் ஆழப் பதித்ததில் தாது வருடத்துக்குப் பெரும் பங்குண்டு.

நம் முன்னோர் மூட்டையைத் தலையில் ஏற்றிய அந்நாட்களில் வேதநாயகம் பிள்ளை முன்சீப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். மாயூரத்தில் அவர் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தார். பசித்து வந்தவரின் குலத்தையோ சமயத்தையோ பாராது உணவளித்தார். தாம் ஈட்டிய பொருளை அதற்கெனவே செலவிட்டார். பிறரிடமும் சென்று உதவி கேட்டார். மழை வேண்டியும் மக்களின் துயரைக் கூறியும் இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளை இயற்றினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது அப்பகுதியில் வாழ்ந்திருந்தார். சிவபெருமானையன்றி மனிதரைப் பாடுவதில் நாட்டமில்லாத அந்தச் சைவர், இந்தக் கத்தோலிக்கரின் கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவர்மீது ஒரு கீர்த்தனை பாடினார்.

அந்த நட்பு ஒன்று மட்டுமன்று. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவருடைய நண்பர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக்கோவை என்னும் நூலையே இயற்றினார். மகாவித்துவானின் மாணவரான உ. வே. சாமிநாதையரும் இளமையில் அவரைக் கண்டு பழகியவர். இத்தனைபேர் சூழ்ந்திருந்தும் தம் விசுவாசத்தை அவர் மறைத்ததில்லை. வீரமாமுனிவர் எழுப்பிய கோனான்குப்பம் திருத்தலத்துப் பெரியநாயகி அன்னைமீது பதிகம் பாடினார். தேவமாதா அந்தாதி இயற்றினார். அதேவேளை, எச்சமயத்தாரும் பாடக்கூடியவாறு ஒரே இறைவனைப் போற்றும் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை 1878இல் வெளியிட்டார். பிற சமயத்தாரோடு உரையாடுமாறு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இல் நம்மைக் கேட்டுக்கொண்டதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, மாயூரத்துத் திண்ணைகளில் அவ்வுரையாடல் இசையோடு நடந்திருக்கிறது.

மாயூரம் நகரசபைத் தலைவராகவும் அவர் பணியாற்றினார். 1887இல் சுகுணசுந்தரி என்னும் இரண்டாவது புதினத்தை வெளியிட்டார். இளவரசி ஒருத்தியை நாயகியாகக் கொண்ட அதிலும் கல்வியும் பெண்ணுரிமையும் பேசப்படுகின்றன. கதைச்சுவையில் அது முதற்புதினத்துக்குச் சற்றுக் குறைவே. சத்திய வேதக் கீர்த்தனைகள் 1889இல் வெளிவந்தன. அவ்வாண்டு யூலை 21ஆம் நாள், தமது 62ஆவது வயதில் மாயூரத்தில் இறைவனடி சேர்ந்தார். அந்த ஊர் 1982இல் மயிலாடுதுறை எனப் பெயர் மாறியது. 2020இல் அதே பெயரில் ஒரு மாவட்டத்தின் தலைநகருமாயிற்று. வேதநாயகம் பிள்ளையின் பெயருக்கு முன்னே மட்டும் அது இன்னும் மாயூரமாகவே இருக்கிறது.