விளக்கேந்திய சீமாட்டி

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைக் கேளாதவர் நம்மிடையே அரியர். கையில் விளக்குடன், நோயுற்ற போர்வீரர்களின் படுக்கைகளுக்கு இடையே மெல்ல நடந்து செல்லும் உருவமாக அவரை நாம் அனைவரும் பள்ளிப் புத்தகத்தில் கண்டிருக்கிறோம். அந்தப் படம் பொய்யன்று. ஆயினும் தொண்ணூறு ஆண்டு வாழ்ந்த ஒருவரின் வாழ்வில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளை மட்டுமே அது காட்டுகிறது. அதற்கு முன்னர் அவர் தம் வீட்டாரோடு நடத்திய போராட்டமும், அதற்குப் பின்னர் கணக்கேடுகளோடு நடத்திய போராட்டமும் அதில் இல்லை. நாளெல்லாம் ரயில்வே அலுவலகத்தில் எண்களைக் கூட்டியும் கழித்தும் பிழைப்பு நடத்தும் நமக்கு, படத்தில் இல்லாத அப்பகுதிகளே பெரிதும் சிந்தனை தந்தன. அவற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாகச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பொற்கூண்டு

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் அம்மையார் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்தின் செல்வக் குடியினர். பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். ஓராண்டு முன்னதாக நேப்பிள்ஸ் நகரில் பிறந்த தமக்கைக்கு அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி என்பது வாய்த்தது. இங்கிலாந்தில் அவர்களுக்குக் கோடைக்கு ஒன்றும் குளிருக்கு ஒன்றுமாக இரு மாளிகைகள் இருந்தன.

தந்தை வில்லியம் நைட்டிங்கேல் நூலறிவு மிக்கவர். ஆண்மக்கள் இல்லாமையால் பெண்மக்கள் இருவருக்கும் தாமே ஆசிரியராக அமர்ந்து கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி ஆகிய மொழிகளையும் வரலாற்றையும் தத்துவத்தையும் கற்பித்தார். இளையவருக்கோ கணிதத்தின் மீதே தீராத வேட்கை. கணிதம் கற்க வேண்டும் என்று அவர் கேட்டபோது தாயார் திகைத்தார். மணமாகிப் போகும் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்பது அன்னையின் வினா. இவ்வினா நமக்கும் புதிதன்று.

அக்காலத்து இங்கிலாந்தில் பெண்ணின் நிலை யாது? பல்கலைக்கழகங்கள் அவளுக்கு மூடிக் கிடந்தன. வாக்குரிமை இல்லை. மணமான பெண்ணின் பொருளும், அவள் உழைத்து ஈட்டிய ஊதியமும் சட்டப்படி கணவனுக்கே உரியன. 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பின்னரே அந்நிலை மாறியது. நைட்டிங்கேல் குடும்பத்தின் நிலமும் ஆண் வாரிசு இல்லாமையால் மக்கள் இருவருக்கும் சேராது, தந்தைக்குப் பின் அவருடைய சகோதரியின் குடும்பத்துக்குப் போக வேண்டியதாயிற்று. செல்வச் சீமாட்டி என்று ஊர் கருதிய பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு நிலமும் இல்லை.

மறுத்த வாயில்கள்

1837ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அம்மையார் உணர்ந்தார். எத்தொண்டு என்பது தெளிவாகச் சில ஆண்டுகள் ஆயின. 1845இல், சால்ஸ்பரி மருத்துவமனையில் சில மாதங்கள் தங்கி நோயாளரைப் பேணும் தொழிலைக் கற்க அனுமதி கேட்டார். வீட்டில் பெரும் புயலே எழுந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அக்காலத்து மருத்துவமனை என்பது ஏழைகள் மட்டுமே செல்லும் இடம். செல்வர்க்கு மருத்துவம் வீட்டிலேயே நடந்தது. மருத்துவமனைத் தாதியரோ பயிற்சி இல்லாதவர். குடிப்பழக்கம் உடையவர் என்றும் ஒழுக்கம் குன்றியவர் என்றும் ஊரார் இகழ்ந்தனர். அத்தகைய இடத்துக்கு மகளை அனுப்ப எந்தத் தாய்தான் உடன்படுவாள்?

ரிச்சர்டு மாங்க்டன் மில்ன்ஸ் என்னும் கவிஞர் அவரை மணக்க விழைந்து பல்லாண்டு காத்திருந்தார். அவர் பாராளுமன்ற உறுப்பினர், நற்குணம் உடையவர், அம்மையாரின் உள்ளத்துக்கும் உகந்தவர். ஆயினும் 1849இல் அவரை மறுத்தார். விருந்தினரை உபசரித்து வாழும் வாழ்வில் தம் ஆற்றல் முழுவதும் வீணாகும் என்பதே காரணம்.

அவ்வாண்டுகளில் அவர் கசாண்ட்ரா என்னும் கட்டுரை ஒன்றை எழுதினார். கசாண்ட்ரா என்பவள் கிரேக்கக் கதையில் வரும் இளவரசி. வருவதை உரைக்கும் வரம் பெற்றும், ஒருவரும் நம்பாத சாபமும் உடையவள். செல்வர் வீட்டுப் பெண்களின் நேரத்துக்கு எவரும் மதிப்பளிப்பதில்லை என்பது அக்கட்டுரையின் சாரம். ஆண்மகன் படித்தால் அது தொழில். அவனை எவரும் எழுப்புவதில்லை. பெண் படித்தால் அது பொழுதுபோக்கு. யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் அவளை அழைக்கலாம். இவ்வாறு துண்டு துண்டாகச் சிதறும் நேரத்தில் எந்தப் பெரும்பணியும் நிறைவேறாது என்று அவர் குமுறினார். 1860இல் சில படிகளே அச்சாகி நண்பர் வட்டத்தில் உலவிய அக்கட்டுரை, அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1928இல்தான் பொதுமக்கள் கைக்கு எட்டியது.

1851இல் ஜெர்மனி நாட்டுக் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில், பாதிரியார் பிளீட்னர் நடத்திய நிலையத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். வீட்டார் அதனை ஊரறியாமல் மறைத்தனர். 1853இல் லண்டன் மாநகரில் நோயுற்ற மகளிர்க்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்துக்கு ஊதியம் பெறாத தலைவியானார். தந்தை மனம் இளகி ஆண்டுக்கு 500 பவுன் அளித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. கூண்டின் கதவு திறக்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

ஸ்கூட்டாரியில் ஒரு குளிர்காலம்

1854இல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவை எதிர்த்துக் கிரிமியப் போரில் இறங்கின. காயமுற்ற ஆங்கில வீரர்கள் கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டாண்டிநோப்பிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரியில் கேட்பாரற்றுக் கிடப்பதை லண்டன் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. நாடு கொதித்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். புறப்பட வேண்டும் என்று அவர் எழுதிய கடிதமும், புறப்பட விழைகிறேன் என்று அம்மையார் எழுதிய கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து சென்றன.

முப்பத்தெட்டுப் பெண்களுடன் அவர் 1854 அக்டோபர் 21ஆம் நாள் புறப்பட்டு நவம்பர் 4ஆம் நாள் ஸ்கூட்டாரி சேர்ந்தார். அவர்களுள் சமயச் சங்கங்களைச் சேர்ந்தவர் 24 பேர். மருத்துவமனைகளில் பணிசெய்தவர் 14 பேர். இராணுவ மருத்துவர்கள் அவர்களை விரும்பவில்லை. அம்மையார் வாதிடவில்லை. மருத்துவர் கேட்கும் வரை எந்த நோயாளியையும் தொடலாகாது என்று தம் பெண்களுக்குக் கட்டளையிட்டுக் காத்திருந்தார். இங்கர்மன் போரில் காயமுற்றோர் வெள்ளமென வந்து குவிந்தபோது மருத்துவர்களே அவரை நாடினர்.

சட்டைகளும் போர்வைகளும் வாங்கினார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், தரையைத் தேய்த்துக் கழுவச் செய்தார், சமையலைச் சீர்செய்தார். இறந்தவர் வீட்டாருக்குத் தாமே கடிதம் எழுதினார். இரவில் விளக்குடன் சுற்றி வந்தார். அது படங்களில் காணும் அலாவுதீன் விளக்கன்று. துணியால் மடிப்பு மடிப்பாக அமைந்த துருக்கிய விளக்கு.

ஆயினும், அன்பர்களே, ஒரு கசப்பான உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும். இத்தனை தொண்டுக்குப் பின்னும் அக்குளிர்காலத்தில் ஸ்கூட்டாரியில் சாவு குறையவில்லை, பெருகியது. 1855 பிப்ரவரியில் அது உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து ஆராய்ந்தது. மருத்துவமனைக் கட்டடத்தின் அடியில் சாக்கடை தேங்கி நாறியது. குடிநீர் வரும் வழியில் குதிரையின் பிணம் அழுகிக் கிடந்தது. சாக்கடைகளைக் கழுவி, நீர்வழியைத் தூய்மைசெய்து, காற்றோட்டத்துக்கு வழிசெய்த பின்னரே சாவு விரைந்து குறைந்தது.

கணக்கு சொன்ன உண்மை

1856 ஆகஸ்டில், வரவேற்பு விழாக்களுக்கு அஞ்சி, மிஸ் ஸ்மித் என்னும் மாற்றுப் பெயரில் அம்மையார் தாயகம் திரும்பினார். நாடே அவரைத் தெய்வமாகப் போற்றியது. வேறொருவராயின் அப்புகழின் நிழலில் இளைப்பாறியிருப்பார். அம்மையாரோ கணக்கேடுகளைப் பிரித்தார்.

ஸ்கூட்டாரியில் இறந்தோர் பதிவேடுகள் மூன்று இருந்தன. மூன்றும் மூன்று வெவ்வேறு தொகை காட்டின. பதிவேடுகளோடு பழகும் நம் போன்றோர்க்கு இதன் கொடுமை விளங்கும். இறந்த மனிதன் ஏட்டில் கூட ஒழுங்காக இடம்பெறவில்லை. வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞரின் துணையோடு அம்மையார் அவற்றை ஆராய்ந்தார். போர்க்காயத்தால் இறந்தோரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தோரே பன்மடங்கு என்பது புலப்பட்டது. தாம் காத்து நின்ற கூரையின் கீழேயே சாக்கடையால் பல்லாயிரவர் மாண்டனர் என்பதையும் எண்கள் மறைக்கவில்லை. அவ்வுண்மையை அவரும் மறைக்கவில்லை.

எண்களை அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்று உணர்ந்து அவற்றைப் படமாக வரைந்தார். வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு பகுதியாக்கி, தடுக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கறுப்பு எனத் தீட்டினார். நீலம் மற்ற இரண்டையும் விழுங்கி நின்றது. 1858இல் லண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதற்பெண் அவரே. பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்ற வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

கிரிமியாவில் பற்றிய காய்ச்சல் அவரை நெடுநாள் படுக்கையில் கிடத்தியது. படுக்கையில் இருந்தவாறே நூல்களும் அறிக்கைகளும் எழுதிக் குவித்தார். மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இகழப்பட்ட வேலை, கற்று ஊதியம் பெறும் மதிப்புடைய தொழிலாயிற்று. மணம் ஒன்றே வாழ்வு என்றிருந்த பெண்ணுக்கு இரண்டாவது வாயில் திறந்தது.

நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையின் சுகாதாரத்தை ஆராய 1859இல் அமைந்த அரசாங்கக் குழுவில் பெண் என்பதால் அவருக்கு இருக்கை இல்லை. ஆயினும் கேள்வித்தாள்களை வகுத்ததும், வந்து குவிந்த விடைகளை ஆராய்ந்ததும் அவரே. ஆயிரத்துக்கு 69 என்றிருந்த படைவீரர் சாவு, பத்தாண்டுகளுக்குள் 18 ஆகக் குறைந்தது. சுற்றியுள்ள மக்கள் நலமின்றிப் படை மட்டும் நலமுறாது என்று கண்ட அம்மையார் பின்னர் நம் கிராமங்களின் குடிநீர், பாசனம் பற்றி எழுதலானார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் அவரை உலுக்கியது. நம் மண்ணை ஒருநாளும் மிதியாத ஒருவர் நம் உழவருக்காக எழுதினார்.

குறையும் நிறையும்

பெரியோரைக் குறையற்றவராகக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று. நோய் ஒட்டிப் பரவும் என்ற கொள்கையை அம்மையார் நெடுங்காலம் ஏற்கவில்லை. பெண்கள் மருத்துவராவதை ஆர்வத்தோடு ஆதரிக்கவில்லை. தாதியர்க்கு அரசுப் பதிவு வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்தார். 1867இல் ஜான் ஸ்டூவர்ட் மில் பெண்களின் வாக்குரிமைச் சங்கத்துக்கு அழைத்தபோது, சொத்துரிமையே முதலில் வேண்டுவது என்று கூறித் தயங்கினார். பின்னர்தான் ஆதரவு தந்தார். அவருக்குக் கிடைத்த புகழ் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் நினைவுகொள்ள வேண்டும். ஜமைக்காத் தீவில் பிறந்த மேரி சீகோல் அம்மையார், தாதியர் குழுவில் இடம் மறுக்கப்பட்டும், சொந்தச் செலவில் கிரிமியா சென்று வீரர்களுக்குத் தொண்டாற்றி, கடனாளியாக ஊர் திரும்பினார். அவர் பெயரை உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது.

1907இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயர்விருது நைட்டிங்கேல் அம்மையாருக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதற்பெண் அவரே. 1910 ஆகஸ்டு 13ஆம் நாள் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். மன்னர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் அளிக்க முன்வந்தும் உறவினர் ஏற்கவில்லை. சிற்றூர்க் கோயில் ஒன்றில், பெற்றோர் அருகே, பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளும் மட்டுமே பொறித்த கல்லின் கீழ் அவர் உறங்குகிறார். அவர் பிறந்தநாளான மே 12, 1974 முதல் உலகத் தாதியர் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

நாம் செய்யக் கடவது

மாளிகையில் பிறந்த அப்பெண் முதலில் வேண்டியது பொன்னன்று, பொருளன்று, இடையூறில்லாத நேரம். இதைப் படித்தபோது நம் நெஞ்சு நம்மையே சுட்டது. நம் சிறு குடியிருப்பில் மகன் புத்தகத்தை விரித்தால் வானொலியை அடக்குகிறோம். மகள் விரித்தால், வந்தவருக்குக் காப்பி கொண்டுவா என்கிறோம். ஒருமுறை அவள் பாதிக் கணக்கில் எழுந்து போனதையும், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கியதையும் கண்டும் காணாதவராக இருந்தோம். நாம் செய்தது கொடுமையென அன்று தோன்றவில்லை. வழக்கம் என்றே தோன்றியது. நைட்டிங்கேல் வீட்டாருக்கும் அவ்வாறே தோன்றியிருக்கும்.

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நாம், நம் மக்களுக்குத் தரக்கூடிய சொத்து கல்வி ஒன்றே. அதனை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்பப் பகிர்வதாயின் பள்ளிக் கட்டணத்தோடு நேரத்தையும் பகிர்ந்தளிக்க வேண்டும். விருந்தினருக்குக் காப்பி கொண்டுவர நமக்கும் கைகள் உள்ளன.