பெரியார் மாற்றிய ‘ளை’

நமுனுகுலவில் ஒரு தோட்டக் கோயிலின் சுவரில் பழைய உபயக் கல் ஒன்று பதித்திருக்கிறது. அதில் இருந்த அண்ணாமலை என்ற பெயரை என்னுடன் வந்த பாடசாலைப் பிள்ளையால் வாசிக்க முடியவில்லை. ‘ணா’ கால் இல்லாமல் ஒரே எழுத்தாகச் சுருண்டிருந்தது. ‘லை’க்கு முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி.

இந்த வடிவங்கள் வழக்கொழிந்ததில் பெரியாருக்குப் பெரும் பங்கு உண்டு.

1879 செப்டம்பர் 17 இல் ஈரோட்டில் வணிகக் குடும்பத்தில் பிறந்த ஈ.வெ.ராமசாமி, சில ஆண்டுகளே பள்ளிக்குப் போனவர். 1924 இல் வைக்கம் போராட்டத்தில் சிறை சென்றார். 1925 மே மாதம் ‘குடி அரசு’ வார இதழைத் தொடங்கினார்; அதே ஆண்டு காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1932 இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் கொழும்பிலும் இறங்கினார்.

பத்திரிகை நடத்தியவருக்கு அச்சுக்கூடத்தின் சிரமம் தெரிந்திருந்தது. ‘கா’, ‘கை’ ஆகியவற்றுக்கு ஏற்கெனவே இருக்கும் துணை எழுத்துகள் போதும். ‘ணா’, ‘லை’ போன்றவற்றுக்கோ தனித்தனி ஈய அச்சு வேண்டும். எழுதப் பழகும் பிள்ளையும் அவற்றைத் தனியாக மனனம் செய்ய வேண்டும். 1935 ஜனவரியில் ‘குடி அரசு’ புதிய வடிவங்களில் வரத் தொடங்கியது. அரசின் ஆணைக்கோ புலவர்களின் சம்மதத்துக்கோ அவர் காத்திருக்கவில்லை.

1973 டிசம்பர் 24 இல் அவர் இறந்தார். அவரது நூற்றாண்டையொட்டி 1978 இல் எம்.ஜி.ஆர். அரசு 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்று ஆணையிட்டது. ஐ, ஔ ஆகியவற்றுக்குப் பதிலாக அவர் எழுதிய அய், அவ் அந்த ஆணையில் இடம்பெறவில்லை.

பதுளை, பண்டாரவளை, தேயிலை, மலையகம்: நமது அன்றாடச் சொற்கள் எத்தனையில் அந்த 13 எழுத்துகள் இருக்கின்றன! பஸ்ஸின் பெயர்ப்பலகையும் கைப்பேசியின் எழுத்துருவும் இன்று அந்தப் புதிய வடிவத்தையே காட்டுகின்றன. அதற்கு முன் வேறொன்று இருந்தது என்பதே நமக்கு மறந்துவிட்டது.

படிப்பை எளிதாக்கிய மாற்றம் அது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் தோட்டங்களில் முன்னோர் பெயர் எஞ்சியிருப்பது இப்படியான சில கற்களிலும் பழைய துண்டுகளிலும்தான். அவற்றை வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று பழைய வடிவங்களைக் காட்டிக்கொடுத்தால் போதும். ஒரு பிற்பகல் வேலை. அடுத்த கும்பாபிஷேகத்துக்குச் சுவரில் வர்ணம் பூசுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.