கர்னல் ஆல்காட்டும் பௌத்த வினாவிடையும்

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்னும் பெரியார் 1832-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாகாணத்தைச் சார்ந்த ஆரஞ்சு நகரில், பிரஸ்பிட்டீரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தார். உழவு நூலும் சட்டமும் பயின்றவர். 1875-இல் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் கூடிப் பிரமஞான சங்கத்தை நிறுவினார். இவையெல்லாம் விரிப்பிற் பெருகுமாதலின், அவருடைய வினாவிடை நூல் தோன்றிய வரலாற்றையே ஈண்டுக் கூறுவாம்.

1873-இல் இலங்கைப் பாணந்துறையிற் குணானந்த தேரருக்கும் கிறிஸ்தவப் போதகர்க்கும் இரண்டு நாள் பெருவாதம் நிகழ்ந்தது. நிலையான ஆன்மா இல்லையாயின் வினைப்பயனை நுகர்பவன் யாவன் என்பது அங்கெழுந்த தடைகளுள் ஒன்று. அவ்வாத அறிக்கையைக் கற்ற ஆல்காட், தேரருடன் கடிதத் தொடர்பு கொண்டார். 1880 மே 17-இல் காலித் துறைமுகத்தில் வந்திறங்கி, அம்மாதம் 25-இற் பஞ்சசீலம் ஏற்றார். பௌத்தச் சிறுவர் மிஷன் பள்ளிகளிற் பயின்று, தம் முன்னோர் சமயத்தின் முதற்பாடமும் அறியாதிருத்தலைக் கண்டு வருந்திய அவர், பாதிரிமார் கையாண்ட வினாவிடை வடிவிலேயே ஒரு பௌத்த நூல் எழுதத் துணிந்தார்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சைவ வினாவிடை இயற்றியதை நம்மவர் அறிவர். நாவலர் 1879 டிசம்பரில் மறைந்தார். ஆல்காட் வந்தது அடுத்த மே மாதம். இருவரும் சந்தித்திலரே என்று நாம் ஏங்குவதுண்டு.

ஆல்காட் தம் நூலை வித்தியோதயப் பிரிவேனாவின் தலைவராகிய ஹிக்கடுவே சுமங்கல தேரர்முன் வைத்தார். சொற்றோறும் ஆராய்ந்துவந்த தேரர், நிருவாணத்தைப் பற்றிய விடையில் நின்றுவிட்டார். நிருவாணமடைந்தபின் நுண்ணியதோர் உள்பொருள் எஞ்சும் என்ற குறிப்பு அவ்விடையில் இருந்தது. திபெத்து முதலிய வடநாட்டுப் பௌத்தர் கொள்கை அதுவென்று ஆல்காட் வாதித்தார். தேரவாதத்திற்கு அஃது ஒவ்வாது என்று தேரர் மறுத்தார். நற்சான்று தாரார் போலவும் தோன்றிற்று. அழியா ஆன்மாவைப் போற்றும் சமயத்திற் பிறந்தவர்க்கு, எல்லாம் துறந்த பின்னும் ஏதேனும் ஒன்று நிற்கவேண்டும் என்னும் அவா எளிதில் அகலாது போலும். கடைசியில், இப்பொருளிற் பௌத்தருள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு என்றளவில் விடை திருத்தப்பட்டது. தேரரும் சான்றளித்தார். துணிந்து நிதி சேர்க்கப் புகுந்தவர் ஒரு விடைக்காக இத்துணை நாள் பொறுத்ததையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1881 ஜூலையில் நூல் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வெளிவந்தது; பின்னர்ப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. படுக்கையும் புத்தகப் பெட்டியும் அமைந்த மாட்டுவண்டியொன்றைத் தாமே வகுத்து, அதிலேறிச் சிற்றூர்கள்தோறும் கல்விநிதி திரட்டினார். கொழும்பு ஆனந்தா கல்லூரி 1886-இல் தொடங்கிய பள்ளியின் வளர்ச்சியே.

சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்ட வகுப்பார் பிள்ளைகட்கு 1894-இல் இலவசப் பள்ளி தொடங்கினார். 1898-இல் அயோத்திதாச பண்டிதர் அவருடன் இலங்கை சென்று, அதே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். ஆல்காட் 1907 பிப்ரவரி 17-இல் அடையாற்றிற் காலமானார்.