பொறியின் எல்லை கண்டவர்

விடை கூறும் கருவியை எந்த அளவுக்கு நம்பலாம்? செயற்கை நுண்ணறிவின் வரவால் எழுந்த புதுவினா இது எனக் கருதுகிறோம். மின்விளக்கே வீடுகளுக்கு வராத காலத்தில், அதுவும் கட்டி முடிக்கப்படாத ஒரு பொறியைக் குறித்து, இவ்வினாவை ஆராய்ந்தவர் அடா லவ்லேஸ்.

இலண்டன் மாநகரில் 1815ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தார் அடா. தந்தை, ஆங்கிலக் கவிஞர் பைரன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். தந்தையை அவர் பின்னர்க் கண்டதேயில்லை. தந்தையின் கட்டற்ற போக்கு மகளுக்கும் வந்துவிடுமோ என அஞ்சிய தாய், அவருக்குக் கணிதம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பல்கலைக்கழக வாயில் பெண்களுக்கு அடைபட்டிருந்த காலமாதலால் கல்வி வீட்டிலேயே நிகழ்ந்தது. அவருக்கு உயர்கணிதம் பயிற்றிய அகஸ்டஸ் டி மார்கன் நம் மதுரையில் பிறந்தவர்.

பதினேழாம் வயதில், 1833இல், சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். கடலோடிகளும் வானியலாளரும் நம்பியிருந்த கணித அட்டவணைகள் அன்று மனிதரால் கணக்கிடப்பட்டவை, பிழை மலிந்தவை. அப்பிழைகளைக் களையவே பாபேஜ் பற்சக்கரங்களாலான பொறியை வடிவமைத்தார். பின்னர் அவர் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறி இன்னும் பெரியது. ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகள் பூவேலைப்பாட்டை நெறிப்படுத்துவதுபோல, இப்பொறியில் அவை கணக்கை நெறிப்படுத்தும். காஞ்சிபுரத்துத் தறிகளைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இத்தாலியரான மெனப்ரியா இப்பொறி குறித்துப் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை அடா மொழிபெயர்த்து, மூலத்தினும் இருமடங்குக்கு மேல் நீண்ட குறிப்புகளுடன் 1843இல் வெளியிட்டார். இசையொலிகளின் உறவுகளைக் குறியீடுகளாக்க இயலுமாயின் இப்பொறி இசையும் அமைக்கும் என்றார். இவ்வளவு தொலைநோக்கோடு எழுதியவரே அதன் எல்லையையும் வரைந்தார். அப்பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது. செய்முறையை அறிந்து நாம் இடும் ஆணையையே நிறைவேற்றும். புதுமையை முதலில் மிகையாக வியப்பதும், பின்னர் அளவுக்கு மீறித் தாழ்த்துவதும் மனித இயல்பு என்றும் எச்சரித்தார்.

பெர்னூலி எண்களைக் கணக்கிடும் படிகளை அட்டவணையாக வகுத்ததே அக்குறிப்புகளின் உச்சம். முதல் கணினி நிரல் எனப் பலர் அதனைப் போற்றுவர். அதில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்னும் விவாதமும் உண்டு. தாம் செய்திருந்த பெரும்பிழையொன்றை அடா கண்டுபிடித்ததைப் பாபேஜே பிற்காலத்தில் எழுதியுள்ளார். எனினும் அச்சான அட்டவணையில், ஒரு வகுத்தலில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறிவிட்டன. பொறி உருவாகியிருந்தால் அப்பிழையையும் பிசகாமல் செய்து முடித்திருக்கும். சக்கரங்களில் குற்றமிராது, விடை மட்டும் தவறாயிருக்கும்.

புற்றுநோயால் 1852ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அடா மறைந்தார். அகவை 36, தந்தை இறந்த அகவையும் அதுவே. அவர் விருப்பப்படி தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பகுப்பாய்வுப் பொறி இறுதிவரை கட்டப்படவில்லை.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1950இல், ஆலன் டூரிங் அடாவின் கருத்தைத் தனியே எடுத்து மறுத்தார். பொறிகள் தம்மை அடிக்கடி வியப்பில் ஆழ்த்துவதாக எழுதினார். இன்றைய செயற்கை நுண்ணறிவோ பெருந்தரவிலிருந்து தானே கற்கிறது. அடாவின் அட்டவணையில் ஒவ்வொரு படியும் தாளில் இருந்தமையால், இடம் மாறிய எண்களைப் பின்வந்தோர் கண்டறிய முடிந்தது. செயற்கை நுண்ணறிவு கற்றவை கோடிக்கணக்கான எண்களாக அதனுள் பரவிக் கிடக்கின்றன; அதனை உருவாக்கியவர்களாலும் அவற்றை முழுமையாகப் படித்தறிய இயலவில்லை.