அய்யன்காளிக்கு வள்ளம் தந்த கடற்கரை

அய்யன்காளி என்றால் வில்வண்டிதான் எல்லோருக்கும் நினைவு வரும். புலையர் நடக்கவே கூடாத பொதுவழியில் 1893-இல் வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு காளை வண்டி ஓட்டிப் போனவர். அந்தப் படம் நம் தெருக்களிலும் உண்டு. ஆனால் அவர் நடத்திய வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகள் அதிகம் அறிய மாட்டார்கள்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் கடற்கரையை ஒட்டிய வெங்ஙானூரில் 1863 ஆகஸ்ட் 28 அன்று பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் அதே ராஜாவின் ஆட்சியில்தான் இருந்தன. அங்கே நெல் விளைவித்தவர்கள் புலையர். அவர்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத் திண்ணைகூடக் கிடையாது. அய்யன்காளிக்கும் எழுத்து தெரியாது.

1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். அதை ஒட்டிய காலத்தில்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது: எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை உங்கள் வயலில் இறங்க மாட்டோம். கூலி உயர்வு, அடி உதை நிறுத்தம், பொய் வழக்கு நிறுத்தம் என்று வேறு கோரிக்கைகளும் இருந்தன. ஆனால் பள்ளிக்கூடத்துக்காக ஏர் நின்றது என்பதுதான் நாடு கேள்விப்படாத செய்தி.

போராட்டத்தை எழுதுகிறவர்கள் முழக்கத்தை எழுதுவார்கள். உலைக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று எழுத மாட்டார்கள். கூலிக்காரன் வீட்டில் பிறந்த எனக்கு அதுதான் முதல் கேள்வி. அன்றாடம் கிடைக்கும் நெல்லை அன்றாடம் குத்திச் சாப்பிட்ட சனம் அது. நிலக்காரர்களும் பசியைத்தான் நம்பினார்கள். பத்து நாள் போனால் தானாக வருவான் என்று காத்திருந்தார்கள்.

அய்யன்காளி கடற்கரைக்குப் போனார். விழிஞ்ஞத்து மீனவர்களிடம் பேசினார். ஒரு வள்ளத்துக்கு ஓர் ஆள் என்று புலையரை ஏற்றிக்கொள்வது, மீன்பாட்டில் அவனுக்கும் பங்கு தருவது என்று ஏற்பாடானது. மீனவர்களும் வசதியானவர்கள் இல்லை. கடல் என்ன தரும் என்று காலையில் சொல்ல முடியாத பிழைப்பு அவர்களுடையது. அதில் ஒரு பங்கைத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். உழவனுக்கோ துடுப்பு புதிது, அலை புதிது. இருந்தும் ஏறினான்.

வயல் தரிசாகக் கிடந்தது. நிலக்காரர்களே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆட்களை அடித்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் போன பிறகு, மாஜிஸ்திரேட் ஒருவர் நடுவில் நின்று பேச, நிலக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

பிறகு ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகி, அங்கேயும் அவர் கேட்டது படிப்பும் நிலமும்தான். 1937-இல் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, தம் சனத்தில் பத்துப் பேராவது பி.ஏ. படித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைச் சொன்னார். 1941 ஜூன் 18-இல் மறைந்தார்.

பள்ளிக் கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளியை ஆதிக்கச் சாதியினர் தீ வைத்து எரித்தார்கள். பாதி கருகிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.