தண்டவாளத்தில் ஒரு சிற்றியந்திரம்

ஜப்பானின் தென்பகுதியில் உள்ள கியூஷு தீவில் குருமே என்றோர் ஊர் உண்டு. 1799ஆம் ஆண்டு அங்கு ஆமையோட்டுக் கைவினைஞர் ஒருவரின் வீட்டில் தனாகா ஹிசாஷிகே பிறந்தார். ஆமையோட்டைச் சூடாக்கி வளைத்து, மெல்லியதாக இழைத்துச் சீப்பும் கொண்டை ஊசியும் செய்வது அந்தக் குடும்பத்தின் தொழில். மயிரிழை பிசகினாலும் விலையுயர்ந்த ஓடு உடைந்துவிடும். சிறுவன் ஹிசாஷிகே நடை பழகிய நாள் முதலே அரம், இழைப்புளி, சிற்றுளி ஆகியவற்றின் ஓசையைக் கேட்டு வளர்ந்தான்.

எட்டு ஒன்பது வயதில் அவன் தனக்கென ஒரு மைக்கல் பெட்டி செய்துகொண்டான். வகுப்புத் தோழர்கள் அவனுடைய எழுதுபொருளைத் தொட்டுக் குறும்பு செய்தது பிடிக்காமல் அப்படிச் செய்தானாம். பார்ப்பதற்குச் சாதாரணப் பெட்டிதான். ஆயினும், அதன் இரகசியத் தாழ்ப்பாளை அவனைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியவில்லை. பதினைந்து வயதை ஒட்டி, குருமே வட்டாரத்தில் புகழ்பெற்ற நெசவுக்கலைஞர் இனோவே டென் அம்மையார் ஒரு சிக்கலோடு அவனைத் தேடி வந்தார். துணியில் பூவும் பறவையும் போன்ற உருவங்களை நெய்ய வழி தேடிக்கொண்டிருந்தார் அவர். ஒரு நெசவு நிபுணர் இளைஞன் ஒருவனிடம் யோசனை கேட்பது அந்தக் காலத்தில் வழக்கமானதன்று. ஹிசாஷிகே அதற்கான கருவியை அமைத்துக் கொடுத்தான்.

மூத்த மகன் தந்தையின் தொழிலை ஏற்பதே முறை. ஹிசாஷிகே அதைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பொம்மைகளின் பக்கம் போனார். ஜப்பானியர் ‘கராக்குரி’ என்று அழைக்கும் இயங்கு பொம்மைகள் அவை. குருமேயின் ஆலயத் திருவிழாக்களில் அவர் காட்டிய பொம்மைகளைக் காணக் கூட்டம் திரண்டது. அவற்றுள் வில்லேந்திய சிறுவன் பொம்மை இன்றும் இருக்கிறது. சிறுவன் ஓர் அம்பை எடுப்பான், நாணில் பூட்டுவான், தலையைச் சற்றுத் திருப்பிக் குறி பார்ப்பான், எய்வான். மேடும் பள்ளமுமாகச் செதுக்கப்பட்ட சக்கரங்கள் உள்ளே சுழல, அவற்றோடு பிணைந்த நூல்கள் கையையும் தலையையும் இழுக்கின்றன. நான்கு அம்புகளில் ஒன்று வேண்டுமென்றே குறி தவறும்படி அமைக்கப்பட்டது என்பார்கள். அம்பு தவறும்போது பார்ப்போர் ஐயோ என்பர். அடுத்த அம்பு பாய்ந்ததும் ஆரவாரம் செய்வர். மக்களின் மனத்தையும் அளந்து வைத்திருந்தவர் அவர் என்பது இதில் தெரிகிறது.

பொம்மை வேடிக்கை காட்டியே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஆனால், 1834இல் ஒசாக்காவுக்குக் குடிபெயர்ந்தவர், அன்றாட வாழ்வுக்கு உதவும் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய மெழுகுவர்த்தித் தண்டு அவற்றுள் ஒன்று. 1837இல் ஒசாக்காவில் வெடித்த கலகத்தின்போது பற்றிய தீயில் அவருடைய வீடும் உடைமைகளும் சாம்பலாயின. குடும்பத்தோடு ஃபுஷிமிக்குப் போய், ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மறுபடியும் தொடங்கினார். காற்றழுத்தத்தால் எண்ணெயைத் திரிக்கு ஏற்றும் விளக்கு ஒன்றையும், தீயணைக்கும் நீர்ப்பம்பு ஒன்றையும் உருவாக்கினார். காற்றுப் புகாத உருளையும் அதற்குள் இறுக்கமாக நகரும் தண்டும் இல்லாமல் இத்தகைய கருவிகள் இயங்கா. பிற்காலத்தில் நீராவி இயந்திரத்தைக் கையில் எடுத்தபோது இந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

பிறகு கியோட்டோ. அங்கு ஏறத்தாழ ஐம்பது வயதில் அவர் மாணவரானார். வானியல் கற்பதற்காகத் துச்சிமிகாடோ குடும்பத்தினரிடம் சேர்ந்தார். ஒரு கடிகாரம் செய்வதற்காகவே இவ்வளவும். அக்கால ஜப்பானில் விடியலிலிருந்து அந்திவரையுள்ள பொழுதை ஆறு பங்காகவும் இரவை ஆறு பங்காகவும் பிரிப்பார்கள். கோடையில் பகல் நீளும். பகலின் ஒரு பங்கும் நீளும். குளிர்காலத்தில் அது சுருங்கும். ஒரே சீராக ஓடும் இயந்திரத்தைக்கொண்டு, நாளுக்கு நாள் நீளமும் குறுக்கமும் மாறும் பொழுதை எப்படிக் காட்டுவது? மற்றக் கடிகாரங்களில் மணிக்குறிகளை அவ்வப்போது கையால் நகர்த்தி வைப்பார்கள். 1851இல் ஹிசாஷிகே முடித்த ‘பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரம்’ அதைத் தானாகவே செய்தது. ஆறு முகங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள், உச்சியில் ஜப்பானின் வரைபடத்துக்கு மேலே நகரும் சூரியனும் சந்திரனும். பாகங்களைப் பெரும்பாலும் கையால் அறுத்து, அரத்தால் இழைத்தே செய்தார்.

அந்தக் காலத்தில் ஜப்பான் வெளியுலகுக்குக் கதவை அடைத்து இரு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பியருள் டச்சுக்காரருக்கு மட்டுமே நாகசாகித் துறைமுகத்தில் வணிகம் செய்ய இசைவு இருந்தது. அத்துறைமுகத்தைக் காக்கும் பொறுப்பு சாகா, ஃபுக்குவோக்கா எனும் இரு சிற்றரசுகளிடம் மாறி மாறி ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1808இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டது. அந்த ஆண்டு காவல் சாகாவின் முறை. செலவைக் குறைப்பதற்காகப் படைவீரர்களைக் குறைத்து வைத்திருந்த சாகாவினர், கேட்டதைக் கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாமல் நின்றனர். அந்த அவமானத்தைச் சாகா மறக்கவே இல்லை. பின்னர் ஆட்சிக்கு வந்த நபேஷிமா நவோமசா, இரும்புப் பீரங்கி வார்க்க உலை கட்டினார். 1852இல் ‘செய்ரென்கட்டா’ என்ற ஆய்வுக்கூடத்தை நிறுவினார். வேதியியல், உலோகம், நீராவி என மேற்கத்திய அறிவை ஆராய்ந்து செய்து பார்ப்பதே அதன் பணி.

அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஆள் சேர்த்தவர் சானோ சுனேதாமி. பின்னாளில் ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்டவர் அவரே. கியோட்டோவில் டச்சு நூல்களைப் படித்த நாள்களில் அவருக்கு அறிமுகமான மூவரைச் சாகாவுக்கு அழைத்துச் சென்றார். நாகாமுரா கிசுகே வேதியியல் அறிந்தவர். இஷிகுரோ கான்ஜி டச்சு நூல்களை மொழிபெயர்ப்பவர். மூன்றாமவர் ஹிசாஷிகே, படித்ததைக் கையால் செய்து காட்டுபவர். சாகாவில் இந்த மூவரும் வெளியூரார். மேலும், போர்மறவர் குலங்கள் மேலோங்கி இருந்த சமுதாயத்தில் ஒரு கைவினைஞரின் மகனுக்கு இத்தகைய பொறுப்பு கிடைத்தது பெரிய செய்தி.

1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கருங்கப்பல்கள் எடோ விரிகுடாவுக்கு வந்தன. அடுத்த மாதமே உருசியத் தளபதி புத்தியாத்தின் நாகசாகிக்கு வந்தார். உருசியக் கப்பலில் சாகாவினர் சிலர் ஓர் அதிசயத்தைக் கண்டனர். சிறிய நீராவி இரயில் ஒன்று மேசைமேல் ஓடியது. மறு ஆண்டு பெர்ரி திரும்பி வந்தபோது, உண்மை அளவில் கால்பங்கு இருந்த இரயிலொன்றைப் பரிசாகக் கொண்டுவந்து யோக்கோஹாமாவில் ஓட்டிக் காட்டினார். உள்ளே உட்கார இடமில்லாத அந்தச் சிறு பெட்டியின் கூரைமேல் ஓர் அதிகாரி அமர்ந்து, அங்கி பறக்கச் சவாரி செய்தார். அவர்கள் காட்டியது விளையாட்டுப் பொருள்தான். ஆனால், அதைச் செய்யத் தெரிந்தவர்களிடம் நீராவிக் கப்பலும் பீரங்கியும் இருந்தன. சாகாவினர் எண்ணிப் பார்த்தது அதைத்தான். கப்பல் வாங்கலாம், அது பழுதானால் என்ன செய்வது? நீராவியை அடக்கத் தம் கைகளுக்குத் தெரியுமா என்பதை முதலில் சிறிய அளவில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்று நீராவி இரயிலின் சிற்றுருவைச் செய்ய விரும்புவோர்க்குக் கடையில் பெட்டியாகவே கிடைக்கிறது. கொதிகலன், உருளை, உந்துதண்டு, சக்கரம், திருகாணி என எல்லாவற்றுக்கும் எண் இருக்கும். படங்களுடன் வழிகாட்டி நூல் இருக்கும். எந்தப் பாகத்தை எதற்குப் பிறகு பொருத்த வேண்டும் என்று அது சொல்லும். அப்படியிருந்தும் பலர் மாதக்கணக்கில் பாடுபடுகின்றனர். ஹிசாஷிகேயின் முன்னால் எண்ணிட்ட பாகம் ஒன்றுகூட இல்லை. அவரிடம் இருந்தவை, டச்சு நூல்களில் இருந்த படங்களும், இஷிகுரோவின் மொழிபெயர்ப்பும், கப்பலில் கண்டுவந்தோர் சொன்ன செய்திகளுமே. ஒவ்வொரு பாகத்தையும் அவரும் தோழர்களும் செய்தாக வேண்டும்.

சிறியதாகச் செய்வது எளிது என்று நாம் நினைக்கக்கூடும். நீராவியைப் பொறுத்தவரை அப்படியன்று. கொதிகலனின் நீளம், அகலம், உயரம் அனைத்தையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், அதன் மேற்பரப்பு நூற்றில் ஒரு பங்காகும். அது கொள்ளும் நீரோ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். உள்ளே இருக்கும் சிறிதளவு நீருக்கு, வெப்பத்தை இழக்கும் பரப்பு மிக அதிகம். அதனால் சிறிய கொதிகலன் விரைவில் ஆறிப்போகும். உருளைக்குள் ஓடும் உந்துதண்டு சற்றே தளர்ந்திருந்தாலும் நீராவி கசிந்து வலிமை போய்விடும். சற்றே இறுகினாலும் உராய்வு அதை நிறுத்திவிடும். தகடுகளை இணைக்கும் பற்றவைப்பு, சூட்டையும் அழுத்தத்தையும் ஒருங்கே தாங்க வேண்டும். ஒரு மூட்டு பிளந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உருளைக்குள் நீராவி எப்போது புக வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்பதைச் சக்கரத்தின் சுழற்சியோடு இணைப்பது இன்னொரு சிக்கல். இந்தக் கடைசிச் சிக்கல் மட்டும் ஹிசாஷிகேவுக்குப் புதிதன்று. அம்பை எப்போது எடுப்பது, நாணை எப்போது விடுவது என்று பொம்மைக்குக் கற்றுக்கொடுத்தவர் அல்லவா அவர்!

1855ஆம் ஆண்டு, சாகா ஆய்வுக்கூடத்தில் தண்டவாளம் அமைக்கப்பட்டது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் இடைவெளிதான். எரிசாராயத்தால் கொதிகலன் சூடேற்றப்பட்டது. நீராவி பொங்கியது; சக்கரங்கள் சுழன்றன; நபேஷிமா நவோமசாவின் முன்னிலையில் அந்தச் சிற்றியந்திரம் தன் ஆற்றலால் ஓடியது. ஜப்பானியர் தம் கைகளால் செய்த முதல் நீராவி இரயில் அதுவே என்பர். நம் நாட்டில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே முதல் இரயில் ஓடியதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. ஹிசாஷிகேவுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்களில் பதினேழு வயது இளைஞர் ஒருவரும் இருந்தார் என்பர். அவர் சாகாவைச் சேர்ந்த ஒக்குமா ஷிகேனொபு. பின்னர் அரசாங்கத்தில் உயர்ந்த பொறுப்பேற்ற ஒக்குமா, இரயில் பாதைக்குப் பணத்தை விரயம் செய்யக்கூடாது என்று பலர் எதிர்த்தபோதும் விடாமல் வாதாடியவர்களுள் ஒருவர். 1872இல் தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது.

சிற்றியந்திரத்தில் கற்ற பாடம் வீண்போகவில்லை. சாகாவினர் பெரிய கொதிகலன்களைச் செய்யத் தொடங்கினர். 1865இல் மியெத்சு துறையில் ‘ரியோஃபூமாரு’ என்ற துடுப்புச்சக்கர நீராவிக் கப்பலைக் கட்டி முடித்தனர். ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அது, ஜப்பானில் கட்டப்பட்டு உண்மையாகவே பயன்பட்ட முதல் நீராவிக் கப்பலாகக் கருதப்படுகிறது. இந்த வெற்றிக்கு முந்திய ஆண்டில் ஹிசாஷிகேயின் வாழ்வில் பேரிடி விழுந்தது. நாகசாகியில் மனநிலை பிறழ்ந்த ஒருவன், அவருடைய வாரிசான மகனையும் பேரனையும் வெட்டிக் கொன்றான். அவனும் சாகாவைச் சேர்ந்தவனே. தொழிலைக் கற்றுக்கொடுத்து வளர்த்தவர்களை இழந்தபோது அவருக்கு வயது அறுபத்து நான்கு. சொந்த ஊரான குருமேயின் அழைப்பை ஏற்று அங்குத் திரும்பினார். அங்கும் பீரங்கி வார்ப்பு, கப்பல் கொள்முதல் என வேலை தொடர்ந்தது.

1873இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, அவர் தோக்கியோவுக்குப் புறப்பட்டார். நாடெங்கும் தந்திக் கம்பிகள் இழுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தந்திக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்து தரும் பணியை அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது. 1875இல் கின்சாவில் கடையும் பட்டறையும் திறந்தார். எத்தகைய இயந்திரம் வேண்டுமென்று கேட்டாலும் வடிவமைத்துத் தருவதாக அறிவித்தார் அந்த முதியவர். 1881ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தமது 82ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டே அவருடைய வளர்ப்பு மகன் ஷிபவுராவில் பெரிய தொழிற்சாலை ஒன்றை அமைத்தார். 1939இல் அது மற்றொரு மின்கருவி நிறுவனத்துடன் இணைந்தது. இன்று நம் வீடுகளிலும் அறிமுகமாகியிருக்கும் ‘தோஷிபா’ அதுதான்.

முதல் இரயில் பாதை திறந்த பிறகும் நெடுங்காலம் ஜப்பானில் ஓடிய இயந்திரங்கள் இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தவையே. பயணிகளை ஏற்றிச் செல்லும் அளவிலான இரயில் இயந்திரம் ஒன்று, 1893இல் கோபே பட்டறையில் முதன்முதலாக உள்நாட்டிலேயே கட்டப்பட்டது. அப்பணியை மேற்பார்த்தவர் ரிச்சர்ட் பிரான்சிஸ் திரெவித்திக். உலகின் முதல் நீராவி இரயிலை ஓட்டிய ரிச்சர்ட் திரெவித்திக்கின் பேரன். சாகாவில் ஓடிய சிற்றியந்திரத்துக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. நெடிய புகைபோக்கியும் சிறிய சக்கரங்களுமாக, ஒரு பள்ளிப் பையில் அடங்கிவிடும்போல் இருக்கிறது.