சங்கிலிக்கு வரைபடம் போட்ட ஜி.என்.ராமச்சந்திரன்

சி.வி.ராமனைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் அவருடைய சிஷ்யரை எடுத்துக்கிட்டேன்.

ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கப் போனார். ராமன்தான் அவரை இயற்பியலுக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர்.

தோல், எலும்பு எல்லாவற்றிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கு. அது மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும்னு 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். டி.என்.ஏ. அமைப்பைச் சொன்ன கிரிக்கும், ரிச் என்பவரும் ஒத்துக்கலை. அணுக்கள் இவ்வளவு நெருங்கி இருக்க முடியாதாம்! இவர் சண்டைக்குப் போகலை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கும்னு கணக்கெடுக்க உட்கார்ந்துட்டார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் கூட இருந்தாங்க. அமினோ அமிலச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடத்தில் திரும்பும். அந்த இரண்டு கோணத்தையும் கட்டம் போட்டுக் குறித்தால், பாதிக்கு மேல் இடம் காலி. அங்கே அணுக்கள் இடிச்சுக்கும். 1963-ல் வந்த இதுதான் ராமச்சந்திரன் வரைபடம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இனிமேதான். கிராமிசிடின் என்று ஒரு ஆன்டிபயாடிக். 1939-ல் ரெனே டூபோ மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. வெறும் 15 அமினோ அமிலம். ஆனால் கிருமியின் செல் சவ்வில் ஓட்டை போட்டுடும், உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசிஞ்சு கிருமி காலி. (நம்ம ரத்த அணுவையும் உடைக்கும். அதனால் மேல்பூச்சா மட்டும்தான்.)

எப்படி ஓட்டை போடுது? நம்ம உடம்புப் புரதத்தில் எல்லாம் இடக்கை வகை அமினோ அமிலம். இதில் இடக்கை, வலக்கை மாறி மாறி வரும். வலக்கை வகைக்கு வரைபடத்தையே தலைகீழாத் திருப்பணும். இப்படி மாறி மாறி வந்தால் சங்கிலி நடுவில் துவாரமுள்ள சுருளா வளையும். 1971-ல் அமெரிக்காவில் உர்ரி இதைச் சொன்னார். 1972-ல் ராமச்சந்திரனும் சந்திரசேகரனும் இந்த மாதிரிச் சுருள்களை வரிசையாகக் கணக்குப் போட்டு வெளியிட்டாங்க.

கணக்கு சரியான்னு பார்க்க ஒளிதான் வழி. இடமாச் சுழலும் ஒளி, வலமாச் சுழலும் ஒளி இரண்டையும் அனுப்பி, எதை அதிகம் உறிஞ்சுதுன்னு நிறமாலையில் பார்ப்பாங்க. ஆல்கஹாலில் இரண்டு சங்கிலி பின்னிக்கிடக்குது, சவ்வுக்குள்ளே போனால் தனித்தனிச் சுருளாகி நுனியோடு நுனி ஒட்டிக் குழாயாகுது! ராமன் 1928-ல் கண்ட நிறமாலையும் இந்த வேலைக்கு உதவுது. குருவோட ஒளி, சிஷ்யரோட படம்!

1971-க்கு அப்புறம் மறுபடி பெங்களூர். 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். நோபல் பரிசு மட்டும் வரலை, எனக்கு அதில் வருத்தம்தான். கடைசி வருஷங்களில் பார்க்கின்சன் நோய். 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார். புதுசா ஒரு புரதத்தின் வடிவம் கண்டுபிடிச்சால், சரியான்னு பார்க்க இன்னைக்கும் அவர் கட்டத்தில்தான் புள்ளி வைக்கிறாங்க.